கம்பளி நூலால் தேயிலைச் சாயத்தைப் பிரிக்க முடியுமா?

போகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிறார். கடைசி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறார். "சேர், கம்பளி, பட்டு மாதிரியான இயற்கைப் புரத நார்களைக் கொஞ்சம் மாற்றியமைத்து, தேயிலையில் இருக்கிற கட்டெச்சின்களையும் கஃபீனையும் தனித்தனியாகப் பிரிக்கலாமா? பிரிப்பதற்கென்று விற்கிற ரெசின் (பிசின் மணிகள்) வாங்க எங்களுக்கு வசதியில்லை. எந்த நார் நல்லது, எப்படி மாற்றினால் நன்றாகப் பிடிக்கும்?" என்பது கேள்வி.

பிரிக்கலாம், தங்கச்சி. ஆனால் கேள்வியின் கடைசித் துண்டைத் திருப்பிப் போட வேண்டும். கட்டெச்சின் மாதிரியான பொலிபீனோலை, அதாவது துவர்ப்பைத் தரும் தாவரச் சேர்மங்களை, பிடிப்பதற்குப் புரத நாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பிடித்ததைக் கெடுக்காமல் திருப்பித் தருமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாரில் நீங்கள் செய்யும் மாற்றம் அதற்காக இருக்கட்டும். நான் ஒரு தேயிலை ஆய்வுகூடத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு இப்போது ஹட்டனில் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு நீண்ட காலம் எடுத்தது. உங்களுக்கு அவ்வளவு எடுக்கக்கூடாது என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

கொழுந்து பறிக்கிற ஒரு கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருவிரல் நுனியும், ஆள்காட்டி விரலின் உட்பக்கமும், நகத்தின் ஓரமும் கறுத்திருக்கும். காலையில் மலைக்கு ஏறியதும் விரலில் ஒட்டுகிற சாற்றுக்கு நிறமே கிடையாது. கொழுந்து நிறுக்கப் போகிற நேரத்துக்கு அது பழுப்பாகிவிடும். சாயங்காலம் கறுப்பு. அன்றைக்கே தேசிக்காய் தேய்த்துக் கழுவினால் ஓரளவு போகும். ஒரு இரவு விட்டுவிட்டால், அந்தத் தோல் உரிந்து புதுத்தோல் வரும்வரை போகாது. எங்கள் அம்மாயி கூடைக் கயிற்றுக்கு அடியில் தலையில் மடித்துப் போட்ட சாம்பல் நிறக் கம்பளி ஒன்று வீட்டில் இருந்தது. சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுத்த கம்பளி என்பார். அவர் இடுப்பில் கட்டிய படங்கில் பட்ட கறை துவைக்கத் துவைக்க வெளுத்தது. கம்பளியில் பட்டது அவர் காலத்துக்குப் பிறகும் அப்படியே கிடந்தது. படங்கு செல்லுலோசு என்ற தாவர நார். கம்பளியும், விரல் தோலின் மேற்படையும், தலைமயிரும், கோழி இறகும் கெரற்றின் என்ற புரதம்.

இந்தக் கறையில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. உங்கள் ஆய்வு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நடக்கப் போகிறது.

முதற்கட்டம் நிறமில்லாத ஒட்டுதல். புரதச் சங்கிலி நெடுக அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்தைட்டுப் பிணைப்புகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள காபனைல் ஒட்சிசன், ஐதரசன் பிணைப்புக்கு இடம் கொடுக்கும். கட்டெச்சின்களிடம் பீனோல் ஐதரொட்சில்கள் நிறைய. தேயிலையில் அதிகமாக இருக்கும் எபிகலோகட்டெச்சின் கலேற்றில் மட்டும் 8 இருக்கின்றன. அதோடு, பீனோல் வளையங்கள் புரதத்தின் நீர்வெறுக்கும் இடங்களில், விசேஷமாகப் புரோலின் என்ற அமினோ அமிலத்தின் வளையத்தில், படிந்து உட்காரும். பிளேன்டீ குடித்ததும் நாக்கில் ஏறும் துவர்ப்பு, எச்சிலில் உள்ள புரோலின் மிகுந்த புரதங்களைத் தேயிலை இப்படிப் பிடிப்பதால் வருவது. பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவது, பாலின் கேசீன் முந்திக்கொண்டு அந்தப் பொலிபீனோலைப் பிடித்துவிடுவதால். இந்தக் கட்டத்தில் ஒட்டியது மீளக்கூடியது. எதனோல் போன்ற கரைப்பான் வந்தால் கட்டெச்சின் நாரை விட்டுவிட்டு அதோடு போய்விடும்.

கஃபீனிடம் ஐதரொட்சில் ஒன்றுகூடக் கிடையாது. ஐதரசன் பிணைப்புக்கு அதனால் ஐதரசன் கொடுக்க முடியாது. ஆகவே கம்பளி அடைத்த ஒரு குழாயில் பச்சைத் தேயிலைச் சாயத்தை (தேயிலை ஊறிய தண்ணீரை) ஊற்றினால், கஃபீனும் சீனியும் தியனீன் என்ற அமினோ அமிலமும் பெரும்பாலும் தண்ணீரோடு முதலில் இறங்கிவிடும், கட்டெச்சின்கள் பின்தங்கும். பிறகு 60 முதல் 70 வீத எதனோலை விட்டால் அவை இறங்கும்: கலேற்று (கலிக் அமிலத் துண்டு) இல்லாத சிறியவை முதலில், கலேற்று உள்ளவை கடைசியில். எபிகட்டெச்சினின் மூலக்கூற்று நிறை 290, எபிகலோகட்டெச்சின் கலேற்றினது 458. பெரியதும் அதிக ஐதரொட்சில் கைகளுள்ளதும் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாங்கட்டம் கறுப்பு. காற்றிலுள்ள ஒட்சிசனும் கொழுந்தில் உள்ள நொதியமும் சேர்ந்து கட்டெச்சினைக் குயினோனாக ஒட்சியேற்றுகின்றன. குயினோன் சும்மா இருக்காது. புரதத்தின் லைசீன் அமினோக் கூட்டத்தோடும், கந்தகமுள்ள சிஸ்ரெயினின் தயோல் என்ற கந்தக-ஐதரசன் கூட்டத்தோடும் பங்கீட்டுப் பிணைப்புப் போட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு எதனோல் ஊற்றினாலும் சரி, எதை ஊற்றினாலும் சரி, திரும்பி வராது. தேசிக்காயில் உள்ள விற்றமின் சீ செய்வது, குயினோன் இறுகுவதற்கு முன் அதைப் பழைய நிலைக்கு இறக்குவது.

நான் முதன்முதலில் கம்பளிக் குழாய் அடைத்தபோது இதை யோசிக்கவில்லை. சாயத்தை ஊற்றிவிட்டு, ஆறுதலாகப் பிடிக்கட்டும் என்று இரவு முழுக்கத் திறந்தபடி விட்டேன். காலையில் நார் அழகான கபில நிறத்தில் இருந்தது. எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். எதனோல் விட்டேன், தெளிந்த எதனோல் தெளிந்தபடியே கீழே வந்தது. நான் பிரித்தெடுத்திருக்கவில்லை, சாயம் போட்டிருந்தேன்.

இனி நார்களைப் பார்ப்போம். தோலின் கொலாஜன் இந்த வேலைக்கு இயல்பிலேயே கெட்டி. அதன் அமினோ அமிலங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரோலினும் ஐதரொட்சிப் புரோலினும்தான். தோல் பதனிடுகிறவர்கள் தனின் என்ற துவர்ப்பான பொலிபீனோல்களின் அளவைக் கண்டுபிடிக்க, பதப்படுத்திய தோல் தூளைக் கரைசலில் குலுக்கி எடுத்துப் பார்க்கும் முறையை வைத்திருந்தது இதனால்தான். சீனாவின் சிச்சுவான் பல்கலைக்கழகத்தார் கொலாஜன் நாரைக் குறுக்குப் பிணைத்து (சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டி), தாவரச் சாறுகளிலிருந்து தனினை அகற்றவும் கட்டெச்சின் குடும்பத்துப் பிளேவனொயிட்டுகளைப் பிரிக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். குறுக்குப் பிணைப்பது ஏன் என்று கவனியுங்கள். பச்சைக் கொலாஜன் தண்ணீரில் 60 பாகை செல்சியஸைத் தாண்டினதும் சுருங்கி, மெல்ல ஜெலற்றினாகக் கரையத் தொடங்கும். குளூற்றரல்டிகைட்டால் பிணைத்தால் நார் தாக்குப்பிடிக்கும். கூடவே அமினோக் கூட்டங்கள் பல அடைபட்டுப் போகும், மின்னேற்றத்தால் வரும் தேவையில்லாத பிடிப்பும் குறையும். பிடிப்பதற்காக அல்லாமல் நிலைத்து நிற்கவும் விடவும் செய்யும் மாற்றம் என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் குளூற்றரல்டிகைட்டு மூச்சையும் கண்ணையும் தாக்கும். ஆவியை வெளியே இழுக்கும் உறிஞ்சுகூடு இல்லாத ஆய்வுகூடத்தில் அதைத் தொடாதீர்கள்.

பட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன். செரிசின் பசையை மென்காரத்தில் கொதிக்கவைத்து நீக்கியபின் மிஞ்சுகிற பைப்ரோயின், கிளைசீனும் அலனீனும் நெருக்கி அடுக்கிய பளிங்குக் கட்டமைப்பு. அந்தப் பளிங்குப் பகுதிக்குள் கட்டெச்சின் நுழையாது. ஒழுங்கற்ற பகுதியில்தான் இடம். நார் வழவழப்பாக இருப்பதால் மேற்பரப்பும் சொற்பம். விலையும் கூட.

கம்பளிதான் உங்களுக்குச் சரி. ஆனால் கம்பளி நேரே தண்ணீரை உள்ளே விடாது. அதன் செதில்களுக்கு மேலே ஒரு கொழுப்பமிலப் படை, கந்தகப் பிணைப்பால் புரதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆட்டின் மயிர் மழையில் நனையாமல் இருப்பது அதனால். ஒரு சொட்டுத் தண்ணீரைக் கம்பளித் துணியில் வையுங்கள். சேம்பிலையில் நிற்கிற மாதிரி உருண்டு நிற்கும். மதுசாரத்தில் கரைத்த பொட்டாசியம் ஐதரொட்சைட்டில், குளிர்ந்த நிலையில், சில நிமிடம் ஊறவைத்து உடனே எடுத்து, மென்னமிலத்தாலும் தண்ணீராலும் நன்றாகக் கழுவிக் காயவைத்த பின் அதே சொட்டை வையுங்கள். வைத்த கையோடு உள்ளே இழுத்துவிடும். உங்களுக்கு வேண்டிய முதல் மாற்றம் இதுதான். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரே அளவுகோல். ஆனால் காரத்தைச் சூடாக்கிவிடாதீர்கள். 5 வீதச் சோடியம் ஐதரொட்சைட்டைக் கொதிக்கவைத்தால் கம்பளி சில நிமிடத்தில் முழுதாகக் கரைந்துபோகும். துணியில் கம்பளியா பருத்தியா என்று பார்க்கிற பழைய சோதனையே அது.

அடுத்தது, புத்தகங்களில் அதிகம் வருகிற மாற்றம்: கம்பளியின் இருகந்தகப் பிணைப்புகளைத் தயோகிளைக்கொலிக் அமிலத்தால் உடைத்துத் தயோல்களாக்குவது. சலூனில் தலைமயிரைச் சுருட்டப் பூசுகிற மருந்து செய்யும் வேலையும் இதுவே. பார உலோகங்களைப் பிடிக்க இது நல்ல வழி. கட்டெச்சினுக்கு வேண்டாம். ஒவ்வொரு தயோலும் குயினோனுக்கு விரித்துவைத்த வலை. பிடிப்பளவு கூடியதாக உங்கள் வரைபடம் காட்டும். திரும்பி வருவது குறைந்துகொண்டே போகும்.

படிகாரம் ஏற்றுவது சுவாரசியமான வழி. சாயக்காரர்கள் கம்பளிக்கு முதலில் படிகாரம் கொடுப்பது, அலுமினியம் ஒரு பக்கம் புரதத்தையும் மறுபக்கம் சாய மூலக்கூற்றில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஐதரொட்சில்களையும் கவ்விக்கொள்ளும் என்பதால். அப்படிச் சோடி ஐதரொட்சில் உள்ள குவெர்செற்றின் என்ற மஞ்சள் தாவரச் சாயம் போன்றவற்றை, சோடி இல்லாதவற்றிலிருந்து பிரிக்க இது உதவும். ஆனால் இறக்குவதற்கு அமிலம் வேண்டும்; அமிலத்தோடு கொஞ்சம் அலுமினியமும் இறங்கும். இரும்பை ஏற்றவே வேண்டாம். அது தேயிலையோடு மை போலக் கறுக்கும், ஒட்சியேற்றத்தையும் விரைவுபடுத்தும்.

மின்னேற்றத்தை வைத்துப் பிரிப்பது வேறொரு கதை. அதற்குத் தேயிலையை விட வெனிவெல் பொருத்தம். காய்ச்சல் வந்தால் கொத்தமல்லியோடு அவிக்கிறோமே, அந்த மரமஞ்சள் தண்டின் மஞ்சள் நிறம் பேர்பெரின். அது எந்தப் பீஎச்சிலும் நேரேற்றமுள்ள அயன். ஒரு கோப்பை வெனிவெல் அவித்த தண்ணீரில் ஒரு பருத்தித் துண்டையும் ஒரு வெள்ளைக் கம்பளித் துண்டையும் போட்டு, அரை மணித்தியாலம் கழித்து அலசிப் பாருங்கள். பருத்தி பெரும்பாலும் வெளுத்துவிடும், கம்பளி மஞ்சளாக நிற்கும். கம்பளியின் மறை அயன்களாக நிற்கும் காபொட்சில்களை பேர்பெரின் பற்றிக்கொள்கிறது. சக்சினிக் நீரிலியால் லைசீன் அமினோக்களைக் காபொட்சில்களாக மாற்றினால் இந்தப் பிடிப்பு இன்னும் கூடும். அமிலம் கலந்த மதுசாரம் அதை இறக்கிவிடும். பேர்பெரின் சுலபத்தில் குயினோனாக மாறாது என்பதால் திரும்பக் கிடைப்பதும் அதிகம். சிங்கோனா மரப்பட்டையில் உள்ள கொய்னாவும் இப்படிப் பிடிபடக்கூடிய காரம். சிங்கோனாவை நம் மலைகளில் நட்டுப் பார்க்கத்தான் 1861இல் ஹக்கலைத் தோட்டமே தொடங்கப்பட்டது. கஃபீன் பெயரளவில் அல்கலொயிட்டு (தாவரக் காரம்) என்றாலும் மிக மிகப் பலவீனமான காரம், காபொட்சில் நாரில் நிற்காது. இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு இடைச்செருகல். ஆய்வுகூடங்களில் பொலிபீனோல் பிரிக்க விற்கிற பொலியமைட்டுத் தூள் நைலோன் இனம். பட்டிலும் கம்பளியிலும் இருக்கிற அதே அமைட்டுப் பிணைப்பை மனிதன் செயற்கையாக வரிசைப்படுத்தியது. ஆகவே நீங்கள் ஏழைப்பட்ட மாற்று ஒன்றைத் தேடுவதாக நினைக்காதீர்கள்; மூலத்துக்குத் திரும்பிப் போகிறீர்கள். பிரிக்கிற கலையே கம்பளிக்குக் கடன்பட்டது. ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிஞ்சும் 1941இல் பங்கீட்டுக் குரோமற்றோகிராபி என்ற பிரிப்பு முறையை வெளியிட்டது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்தில். கம்பளியில் என்னென்ன அமினோ அமிலம் இருக்கிறது என்று பிரித்தறிவதுதான் அவர்கள் பட்ட பாடு. 1952இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே வழியில் வளர்ந்த தாள் குரோமற்றோகிராபிதான் பின்னால் கறுப்புத் தேயிலையின் நிறப்பொருள்களான தியபிளேவின்களை வெளிக்கொண்டுவந்தது.

சரி, செய்முறைக்கு வருவோம். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) அரைத்த கறுப்புத் தேயிலையில் தொடங்காதீர்கள். அதில் கட்டெச்சின்களில் பெரும்பகுதி ஏற்கெனவே தியபிளேவின்களாகவும் தியருபிஜின்களாகவும் மாறிவிட்டது. அந்தப் பெரிய கபில மூலக்கூறுகள் நாரில் ஏறினால் இறங்காது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பச்சைக் கொழுந்து எடுத்து, பறித்த கையோடு இட்லிச் சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் ஆவி கொடுங்கள். நொதியம் செத்துவிடும். உலர்த்திப் பொடித்து, 80 பாகை அளவிலுள்ள தண்ணீரில் சாயம் இறக்கி, வடித்து, உடனே ஆறவையுங்கள். அஸ்கோபிக் அமிலம் சிறிது சேர்த்துப் பீஎச்சை 4 அளவில் வையுங்கள். கட்டெச்சின் அந்த அமிலத்தில் உறுதியாக இருக்கும். 7ஐத் தாண்டினால் கண் முன்னாலேயே நிறம் மாறும். ஐதரசன் பிணைப்பு குளிரில் நன்றாக நிற்கும், ஒட்சியேற்றம் குளிரில் மெதுவாகும். மலைநாட்டுக் குளிர் இரண்டு பக்கமும் உங்களுக்கு உதவி.

நாரை அரை சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி அடியில் திருகு வைத்த கண்ணாடிக் குழாயான ஒரு பியூரெற்றில் அடையுங்கள். இறுக்கி அடைத்தால் தண்ணீர் இறங்காது, தளர்வாக அடைத்தால் ஓரமாக ஓடிவிடும். ஈரமாகவே அடைப்பது நல்லது, கம்பளி நனைந்தால் பருக்கும். மெதுவாக விடுங்கள், ஏனென்றால் கட்டெச்சின் நாரின் உட்புறத்துக்குப் பரவ நேரம் வேண்டும். ஆனால் இரவு தாண்ட விடாதீர்கள். ஊற்றுவது, கழுவுவது, இறக்குவது மூன்றும் ஒரே நாளில் முடிய வேண்டும்.

இறங்கிய ஒவ்வொரு பகுதியிலும் ஒரு துளியை வெள்ளைத் தட்டில் வைத்துப் பெரிக் குளோரைட்டு ஒரு துளி விடுங்கள். கரும்பச்சை அல்லது கருநீலம் என்றால் பொலிபீனோல் வந்துவிட்டது. முதலில் இறங்குகிற தண்ணீர் நிறம் மாறாமல் மஞ்சளாகவே இருந்தால் குழாய் வேலை செய்கிறது. புறவூதா அளவீட்டை மட்டும் நம்பி எழுதாதீர்கள். கஃபீனின் உச்சம் 273 நானோமீற்றரில், கட்டெச்சின்களும் அதை ஒட்டியே உறிஞ்சும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பொலிபீனோல் அளவை நீல நிறத்தால் காட்டும் போலின் சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது: நாரிலிருந்து கரைந்து வரும் புரதத்தின் தைரோசீனும் அதே நீலத்தைக் கொடுக்கும். தேயிலை இல்லாமல் வெறும் நாரில் அதே கரைப்பான்களை விட்டு ஒரு வெற்றுப் பரிசோதனை செய்யாமல் எந்த எண்ணையும் அறிக்கையில் போடக்கூடாது. எவ்வளவு ஏறியது என்பதற்குப் பக்கத்தில் எவ்வளவு இறங்கியது என்ற நிரல் கட்டாயம் இருக்கட்டும். ஒரே நாரை ஐந்து தடவை பாவித்து, ஐந்துக்கும் எழுதுங்கள். நாரின் நிறம் தடவைக்குத் தடவை கபிலமாகிக்கொண்டு போனால், அந்த அளவு உங்களுக்குத் திரும்பி வரவில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். விலைகொடுத்து வாங்குகிற நுண்துளை ரெசினுக்கு ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான சதுரமீற்றர் மேற்பரப்பு உண்டு. கம்பளி அதன் பக்கத்தில்கூட வராது. தொழிற்சாலை அளவில் கட்டெச்சின் எடுக்க இதை நம்பி யாரும் முதல் போடவேண்டாம்.

ஆனால் எனக்கு ஆசையான ஒரு தலைப்பு இதற்குள் இருக்கிறது, அதை உங்களுக்குத் தருகிறேன். தேயிலையிலிருந்து கஃபீன் எடுக்கும் பழைய முறைகளில் தனினை வீழ்த்த ஈய அசற்றேற்றுப் போடுவார்கள். ஈயம் நஞ்சு. அந்த இடத்தில் கம்பளியைப் போட்டால் என்ன? இங்கே நாருக்கு விடவேண்டிய வேலையே இல்லை. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ அவ்வளவு நல்லது. கறுப்புத் தேயிலையின் சாயத்தையே எடுக்கலாம். சாயம் வெளுக்க வெளுக்கப் புதிய நாரில் விட்டு, தெளிந்த தண்ணீரை வற்றவைத்து, மிஞ்சியதை மெல்லச் சூடாக்கினால் 178 பாகையில் கஃபீன் பதங்கமாகி, மேலே மூடிய குளிர்ந்த கண்ணாடியில் வெள்ளை ஊசிகளாகப் படியும். அந்த ஊசிகளை முதன்முதலில் கண்ட நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இங்கேதான் தயோல் கம்பளி, சும்மா கம்பளி, கோழி இறகு மூன்றையும் ஒப்பிடலாம். கட்டெச்சினுக்கு வேண்டாம் என்று சொன்ன மாற்றம் இதற்கு வேண்டும். ஸ்டோரில் தள்ளுபடியாகும் கழிவுத் தேயிலையைப் பாவிக்க நினைத்தால் முதலில் அனுமதி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை வாங்க விற்கச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு உங்கள் விரிவுரையாளர் மூலம் ஒரு கடிதம் போடுவது நல்லது.

நாருக்கு நுவரெலியா பேல் பஸாரில் பழைய ஸ்வெற்றர் தேடுங்கள். வெள்ளையாக இருக்கட்டும், சாயம் போட்டது வேண்டாம். பல ஸ்வெற்றர்கள் அக்ரிலிக். கடைக்காரரிடம் கேட்டு ஒரு நூல் இழுத்துக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகிய வாடை வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. உருகிக் கல் மாதிரி உருண்டையானால் அக்ரிலிக். மெஷினில் துவைக்கலாம் என்று பட்டியில் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள், அதன் செதில்கள்மேல் பெரும்பாலும் பிசின் பூசியிருக்கும். எதனோலுக்குப் பதில் கடையில் விற்கும் மெதிலேற்றட் ஸ்பிரிட் பாவித்தால் பிரிப்புக்கு ஒரு குறையும் வராது, ஆனால் அதில் மெதனோல் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குழாயிலிருந்து இறங்கிய எதையும், அது எவ்வளவு சுத்தமான கட்டெச்சினாக இருந்தாலும், நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.